எடைக்கு வாங்கிய கப்பல்கள்

பழைய பயணிகள் கப்பலுக்கு விலை பேசுகிறவர்கள் எத்தனை அறை இருக்கிறது என்று முதலில் கேட்பதில்லை, எடை எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். சரக்கு, எண்ணெய், தண்ணீர், ஆள் எல்லாம் கழித்த வெறும் இரும்பின் எடை. அதை அன்றைய காயலான் விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை வந்துவிடும். உதாரணத்துக்கு 8,000 டன் எடை, டன்னுக்கு 150 டாலர் என்றால் 12 லட்சம் டாலர். விற்பவர் அதற்குக் கீழே இறங்கமாட்டார். இறங்குவதை விட உடைப்பவர்களிடமே தள்ளிவிடலாமே. அதற்கு மேல் கொஞ்சம் போட்டுத் தரத் தயாராக இருப்பவருக்கு ஓடுகிற இன்ஜினும் சாப்பாட்டுக்கூடமும் நானூறு ஐந்நூறு பேர் தங்க இடமும் உள்ள முழுக் கப்பல் கிடைத்துவிடும். அதையே புதிதாகக் கட்டினால் பல மடங்கு ஆகும்.

கிரேக்கத்தின் பொட்டாமியானோஸ் குடும்பம் தொழில் நடத்தியது இந்த விலை இடைவெளிக்குள்தான். இரண்டு முறை ஏறி இரண்டு முறை விழுந்த குடும்பம். பழைய கப்பல்களை வைத்துக்கொண்டு மாரடித்தார்கள், அதனால் போனார்கள் என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதி உண்மை என்றே படுகிறது. முதல் நிறுவனம் திவாலானது புத்தம் புதுக் கப்பல் வாங்கிய பிறகு.

எப்பிரோட்டிகி என்பது அந்த நிறுவனத்தின் பெயர். கிரேக்கத்தின் வடமேற்கில் உள்ள எபிரஸ் பகுதியிலிருந்து வந்த சொல். தன் வரலாற்றை 1850 வரை பின்னோக்கிச் சொல்லிக்கொள்ளும். ஆனால் உல்லாசப் பயணத் தொழிலில் அதற்குப் பெயர் வந்தது 1950களின் நடுவில், செமிராமிஸ் என்ற சின்னக் கப்பலால். 1935-ல் கட்டிய அந்தக் கப்பல் கலபார் என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை வாங்கிப் பெயர் மாற்றி, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏஜியன் கடல் தீவுகளுக்கு விட்டார்கள்.

ஏன் ஏஜியன் என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். பிரேயஸிலிருந்து மிக்கோனோஸ் 94 கடல் மைல். 13 நாட், அதாவது மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் போனால் ஏழு மணி நேரம். இரவுச் சாப்பாடு முடிந்து புறப்பட்டால் விடியும்போது தீவு கண்ணில் தெரியும். பகலில் இறங்கிச் சுற்றிவிட்டு மறுபடி இரவில் ஏறிக்கொண்டால் அடுத்த விடியலில் அடுத்த தீவு. வேகம் தேவையே இல்லை. கிழட்டு இன்ஜின் போதும். சின்னக் கப்பல் என்பதும் அங்கே குறையல்ல, பெரிய கப்பலுக்கு இடமில்லாத துறைகளில் அது நுழையும். போதாக்குறைக்கு, கிரேக்கத் துறைகளுக்கு இடையிலான சுற்றுப்பயணத்தை கிரேக்கக் கொடிக் கப்பல்களுக்கே ஒதுக்கிவைத்த சட்டமும் நெடுநாள் வேலியாக நின்றது. இந்த மூன்றும் சேர்ந்த இடம் உலகத்தில் வேறெங்கும் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

அவர்கள் சேர்த்த கப்பல்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் ஒரு அருங்காட்சியகமே அமைக்கலாம். ஆர்கோனாட், ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு பணக்காரருக்காகக் கட்டிய சொந்த உல்லாசப் படகு. இரண்டாம் உலகப் போரில் விக்சன் என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையின் தலைமைக் கப்பலாக இருந்தது. ஆர்ஃபியஸ், 1948-ல் பெல்ஃபாஸ்ட்டில் கட்டிய அயர்லாந்துப் படகுச் சேவைக் கப்பல். 1974 முதல் 1995 வரை ஸ்வான் ஹெலனிக் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து, பேராசிரியர்களை ஏற்றி கிரேக்க இடிபாடுகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அட்லஸ், ஹாலந்து அமெரிக்கா லைனின் 1951 ரின்டாம். ஜூபிட்டர், இஸ்ரேலின் சிம் நிறுவனத்துக்காக 1961-ல் கட்டிய மொலெடெட்.

எல்லாவற்றையும் மிஞ்சியது பெகாசஸ். 1984 ஜூனில் சன்டான்சர் என்ற கப்பல் கனடாவின் மேற்குக் கரையில் பாறையில் மோதி, கிழிந்த அடிவயிற்றோடு ஒரு காகித ஆலையின் துறையை எட்டி அங்கேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் முழு நஷ்டம் என்று கைகழுவினார்கள். எப்பிரோட்டிகி அதை வாங்கி, மிதக்கவைத்து, அட்லாண்டிக்கைத் தாண்டி இழுத்துவந்து ஓடவைத்தது! முழுகிய கப்பலையும் விடவில்லை.

வாங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் கிரேக்கர்களின் கைத்திறன் இருந்தது. 1950களின் கப்பலில் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரித்த கதவுகளும் தடுப்புகளும் இருக்கும். அவற்றை எடுத்து ஒரே வகுப்பாக்க வேண்டும். சரக்கு அறைகளைக் காலிசெய்து அறைகளாகவோ கூடமாகவோ மாற்ற வேண்டும். குளிர்நாட்டு வழிகளில் ஓடிய கப்பலில் ஏசி இருக்காது. அதற்குக் காற்றுக்குழாய் ஓட்ட வேண்டும், அது குடிக்கும் மின்சாரத்துக்கு இன்னொரு ஜெனரேட்டர் வைக்க வேண்டும். மேல் தளத்தில் நீச்சல் குளம் கட்டினால் பத்து இருபது டன் தண்ணீர் தலையில் ஏறிவிடும். கப்பல் ஆட்டம் காணாமலிருக்க அடியில் கான்கிரீட்டோ இரும்புக் கட்டியோ போட்டு எடைகட்ட வேண்டும். இவ்வளவும் செய்துவிடலாம். தலைவலி கழிப்பறைதான்.

அந்தக் காலக் கப்பலில் பல அறைகளுக்குப் பொதுக் கழிப்பறை. சுற்றுலாப் பயணிக்கோ ஒவ்வொரு அறையிலும் தனித்தனியாக வேண்டும். ஒரு கழிப்பறை என்றால் நன்னீர்க் குழாய், கழிவுக் குழாய், காற்றுப்போக்கி என்று குறைந்தது மூன்று குழாய். இருநூறு அறைக்கு அறுநூறு. அவை தளங்களையும் நீர்புகாத் தடுப்புச் சுவர்களையும் துளைத்துக்கொண்டு ஓடும், அவற்றில் கழிவுக் குழாய்கள் அடியிலுள்ள கழிவுத் தொட்டிக்குப் போகும். கப்பலைப் பல பெட்டிகளாகப் பிரித்து, ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாமல் காப்பது அந்தத் தடுப்புச் சுவர். ஆகவே ஒவ்வொரு துளையையும் இறுக்கமாக அடைக்க வேண்டும். கழிவுக் குழாயில் ஒருபக்கம் மட்டுமே திறக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்க வேண்டும். பத்து இருபது வருஷம் கழித்து ஒரு குழாய் துருப்பிடித்து மாற்றப்படும்போது, துளையை மறுபடி அடைத்தார்களா, வால்வைத் திரும்பப் பூட்டினார்களா என்பது கண்ணுக்குத் தெரியாத மூலையில் நடக்கிற வேலை. பெயிண்ட் அடித்த பக்கத்தில் அது தெரியாது.

ஓசியானோஸின் கதை இந்த மூலையில்தான் முடிந்தது. 1952-ல் போர்தோவில் ஜான் லபோர்த் என்ற பெயரில் மெசாஜரி மாரித்தீம் நிறுவனத்துக்காகக் கட்டிய கப்பல். மார்செயிலிலிருந்து மடகாஸ்கர் வழியாக மொரீஷியஸ் வரை ஓடியது. (அந்தப் பிரெஞ்சு நிறுவனம் விமானத்திடம் தோற்றுத் தன் கப்பல்களை விற்றுத்தள்ளிய காலத்தில்தான் அதன் பாஸ்தர் நம் ஊருக்கு வந்து எம்.வி. சிதம்பரம் ஆனது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி 1985-ல் தீப்பிடித்ததே, அதுதான்.) ஜான் லபோர்த் பல பெயர் மாறி 1976-ல் ஓசியானோஸ் ஆனது.

1991 ஆகஸ்ட் 3. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்குப் புயல் காற்றில் போய்க்கொண்டிருந்தது. இரவு ஒன்பதரை வாக்கில் இன்ஜின் பகுதியில் ஏதோ வெடித்த சத்தம். தண்ணீர் புகுந்தது, ஜெனரேட்டர்கள் நின்றன, கப்பல் இருட்டில் மிதந்தது. இது வரை பிழைக்கக்கூடிய விபத்துதான். ஆனால் ஜெனரேட்டர் அறைக்கும் கழிவுத் தொட்டி இருந்த பகுதிக்கும் நடுவே நின்ற தடுப்புச் சுவரில் சுமார் 10 சென்டிமீட்டர் ஓட்டை இருந்தது. ஒரு காற்றுப்போக்கிக் குழாய் வேலை பாதியில் விட்ட ஓட்டை.

பத்து சென்டிமீட்டர் என்றால் சாப்பாட்டுத் தட்டின் பாதிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டைக்கு மேல் ஐந்து மீட்டர் தண்ணீர் நின்றால் அது விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் பீறிடும். ஓட்டையின் பரப்பையும் விளிம்பில் ஏற்படும் சுருக்கத்தையும் சேர்த்தால் விநாடிக்கு 47 லிட்டர், மணிக்கு 168 டன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மணிக்குப் பதினான்கு வந்து கொட்டுவதற்குச் சமம். மின்சாரம் இல்லாத கப்பலில் பெரிய பம்புகளும் ஓடாது.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. தண்ணீர் கழிவுத் தொட்டியில் நிறைந்தது. குழாய்களில் இருந்திருக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வுகள் பழுதுக்கென்று கழற்றப்பட்டு, திரும்பப் பூட்டப்படவில்லை. ஆகவே வந்த வழியே ஏறியது. கீழ்த்தளக் கழிப்பறைகளிலும் குளியலறை வடிகால்களிலும் கடல் தண்ணீர் பொங்கியது. தடுப்புச் சுவர்கள் எல்லாம் இருந்தும் பயனில்லை. தண்ணீர் சுவரை உடைக்கவில்லை, குழாய் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் வெளியே வந்தது. கப்பல் தாழத் தாழ அடுத்த தளத்துக் கழிப்பறைகள் கடல்மட்டத்துக்குக் கீழே போகும், அவையும் பொங்கும்.

மறுநாள் பிற்பகல் மூன்றரை வாக்கில் காஃபி பே அருகே முழுகியது. கப்பலில் இருந்த 571 பேரும் பிழைத்தார்கள். தென்னாப்பிரிக்கப் படைகளின் 16 ஹெலிகாப்டர்களும், மேல்தளக் கட்டுப்பாட்டு அறை காலியாக இருப்பதைக் கண்டு ரேடியோவைக் கையில் எடுத்த மாஸ் ஹில்ஸ் என்ற கிடார் கலைஞரும் அதற்குக் காரணம். கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மிச்சமிருக்கும்போதே கேப்டன் ஹெலிகாப்டரில் ஏறிவிட்டார். உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. கப்பல் தெரிந்தவர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த ஓட்டையை.

மூன்றே வருஷத்தில் எப்பிரோட்டிகிக்கு அது மூன்றாவது இழப்பு. 1988 அக்டோபரில் பிரிட்டிஷ் பள்ளி மாணவர்கள் நானூறு பேரை ஏற்றிக்கொண்டு பிரேயஸிலிருந்து புறப்பட்ட ஜூபிட்டர், துறைமுகத்துக்கு வெளியே ஓர் இத்தாலியக் கப்பல் மோதி முக்கால் மணி நேரத்துக்குள் முழுகியது. நான்கு பேர் இறந்தார்கள். 1991 ஜூனில் பெகாசஸ் வெனிஸ் துறையில் தீக்கிரையானது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம். ஜூபிட்டரில் குற்றம் கப்பலின் வயதில் இல்லை. ஆனால் பயணச்சீட்டு விற்கும் ஏஜெண்ட் காரணம் பிரித்துப் பார்ப்பாரா?

1995-ல் போட்டியாளரான கியூசோக்லு குடும்பத்தின் சன் லைனோடு இணைந்து ராயல் ஒலிம்பிக் குரூஸஸ் ஆனார்கள். 1998-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இறங்கினார்கள். அடுத்து, காயலான் விலைக் கணக்கையே விட்டுவிட்டு, ஹாம்பர்க்கின் புளோம் உண்ட் ஃபாஸ் தளத்தில் இரண்டு புதுக் கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். சுமார் 25,000 கிராஸ் டன் (இது எடையல்ல, கப்பலின் உள் இடத்தைச் சொல்லும் அளவு), 836 பயணிகள், 28 நாட் வேகம். ஒலிம்பிக் வாயேஜர் 2000-த்திலும் ஒலிம்பிக் எக்ஸ்புளோரர் 2002-லும் வந்தன. ஒலிம்பிக் கமிட்டி பெயருக்கு ஆட்சேபம் சொல்ல, இரண்டும் ஒலிம்பியா என்று மாறின.

28 நாட் என்பதுதான் சறுக்கிய இடம். கப்பலுக்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 20 நாட்டிலிருந்து 28 என்றால் வேகம் 1.4 மடங்கு, திறன் 2.7 மடங்கு. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவதைக் கழித்துக்கொண்டாலும் அதே தூரத்துக்கு எண்ணெய் இரண்டு மடங்கு. அந்த வேகம் எதற்கென்றால், ஒரே வாரத்தில் கிரேக்கம், துருக்கி, எகிப்து, இஸ்ரேல் என்று மூன்று கண்டத்தைத் தொட. ஏழு மணி நேரத் தீவுக்கு 13 நாட் போதும் என்ற ஏஜியன் கணக்கை அவர்களே மறந்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. 2000-த்தின் இறுதியில் இஸ்ரேலில் இன்டிஃபாடா என்ற பாலஸ்தீனர் எழுச்சி. 2001 செப்டம்பரில் நியூயார்க். 2003-ல் ஈராக் போர். அவர்களின் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி அமெரிக்கர்கள், அவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. கடன் தீர்ந்த கிழட்டுக் கப்பல் என்றால் கரையில் கட்டிவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். வங்கிக் கடனில் வாங்கிய கப்பலுக்குக் கட்டிவைத்தாலும் தவணை உண்டு. 2003 இறுதியில் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டார்கள். 2004-ல் புதுக் கப்பல்கள் இரண்டும் ஏலத்தில் கைமாறின.

குடும்பத்தின் இன்னொரு கிளை அதற்கு வெகுமுன்பே தனியாகப் போயிருந்தது. ஜார்ஜ் பொட்டாமியானோஸ் 1985-ல் ஃபுன்ஷால் என்ற போர்ச்சுகீசியக் கப்பலை வாங்கி லிஸ்பனில் கடை போட்டார். 1961-ல் டென்மார்க்கில் கட்டிய, 9,500 கிராஸ் டன் கப்பல். 1972-ல் பிரேசில் பேரரசர் முதலாம் பெத்ருவின் எலும்புகளைக் கொண்டுபோன பயணத்துக்குப் போன பெருமையும் அதற்கு உண்டு. பிறகு நான்கு கப்பல் சேர்ந்தன. பிரின்சஸ் டானே, பிரின்சஸ் டாஃப்னே இரண்டும் 1955-ன் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள். அரியோன், 1965-ன் யூகோஸ்லாவியக் கப்பல். 2005-ல் அதீனா. அதன் முதல் பெயர் ஸ்டாக்ஹோம். 1956 ஜூலையில் ஆந்த்ரேயா டோரியா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலை மோதி மூழ்கடித்த அதே ஸ்டாக்ஹோம்.

கிளாசிக் இன்டர்நேஷனல் குரூஸஸ் என்ற இந்த நிறுவனம் பெரும்பாலும் தானே டிக்கெட் விற்கவில்லை. கப்பலை ஊழியர்களோடு சேர்த்து ஜெர்மன், பிரெஞ்சு, பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனங்களுக்குப் பருவக் கணக்கில் வாடகைக்கு விட்டது. கல்யாண மண்டபக்காரர் மாதிரி. சமையல் வரை நம்முடையது, விருந்தாளி அவர்களுடையது. விளம்பரச் செலவு மிச்சம். ஆனால் வாடகைக்காரர் விழுந்தால் அவரோடு சேர்ந்து விழ வேண்டும்.

அவர்களை முதலில் நெருக்கியது சட்டம். 1990-ல் ஸ்காண்டினேவியன் ஸ்டார் கப்பலில் தீப்பிடித்து 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளைப் படிப்படியாக இறுக்கினார்கள். கடைசிப் படி 2010 அக்டோபர் 1. அதன் பிறகு எரியக்கூடிய பொருளால் ஆன தடுப்புகளோடு பயணிகள் கப்பல் ஓடக்கூடாது. இந்தக் கப்பல்களின் அழகே மரம்தான். சட்டப்படி, அறைக்கும் நடைவழிக்கும் இடையிலான தடுப்பு அரை மணி நேரம் நெருப்பைத் தாண்டவிடக்கூடாது. பி-15 வகை என்றால், முதல் பதினைந்து நிமிடத்தில் மறுபக்கத்தின் சராசரிச் சூடு ஆரம்பத்தில் இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் கூடவும் கூடாது. மரப் பலகையைக் கழற்றி, தகரமும் பாறைக்கம்பளியும் சேர்ந்த பலகை வைக்க வேண்டும். கழற்றும்போதுதான் பின்னால் உள்ள ஐம்பது வருஷத்து ஒயரும் துருப்பிடித்த குழாயும் வெளியே வரும். ஒரு வேலைக்குப் போட்ட மதிப்பீடு மூன்று வேலையாகும். ஃபுன்ஷால் 2010-ல் இந்த வேலைக்காக லிஸ்பனில் நின்றது, ஜார்ஜ் இருந்தவரை மறுபடி ஓடவே இல்லை. வருமானம் இல்லாத கப்பல், மற்ற நான்கின் வருமானத்தைத் தின்றது.

இரண்டாவது, எண்ணெய். 2003-ல் டன்னுக்கு 200 டாலருக்குக் கீழே கிடைத்த கப்பல் எண்ணெய் 2012 தொடக்கத்தில் 700-ஐத் தொட்டது. மூவாயிரம் பேர் போகும் கப்பல் அதைத் தலைக்குப் பங்கிட்டுக்கொள்ளும். ஐந்நூறு பேர் கப்பலிலும் ஒரு கேப்டன், ஒரு தலைமை இன்ஜினியர், ஒரு மருத்துவர் வேண்டுமே. 2012 மே மாதம் ஜார்ஜ் இறந்தார். மகன்கள் பொறுப்பேற்றார்கள். நான்கு மாதம் தாங்கவில்லை.

கப்பல் கைது என்பது சட்டத்தில் விசித்திரமான விஷயம். கடன்பட்டவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டாம். கப்பல் வரும் துறைமுகத்தின் நீதிமன்றத்தில் மனுப் போட்டால் கப்பலையே பிடித்துவைப்பார்கள். எண்ணெய் கொடுத்தவர் பொதுவாக ஒரு மாதக் கடனில் கொடுப்பார். அவர் ஒருவர் மனுப் போட்ட செய்தி பரவினால் துறைமுக முகவர், உணவுப்பொருள் கொடுத்தவர், பழுதுபார்த்தவர் எல்லோரும் வரிசையில் வந்துவிடுவார்கள். மற்ற கப்பல்களுக்கு யாரும் கடனில் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றமாட்டார்கள். ஏலத்தில் வரும் பணத்தில் முதலில் நீதிமன்றச் செலவும் ஊழியர் சம்பளமும் போகும், பிறகு அடமானம் பிடித்த வங்கி. முன்பணம் கட்டிய பயணி வரிசையின் கடைசியில்.

2012 செப்டம்பர், அக்டோபரில் அப்படியே நடந்தது. அதீனாவும் பிரின்சஸ் டானேயும் மார்செயிலில், அரியோன் மான்டிநீக்ரோவின் கோட்டோரில், பிரின்சஸ் டாஃப்னே கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் என்று நான்கும் பிடிபட்டன. சம்பளம் பாக்கியோடு ஊழியர்கள் கப்பலிலேயே கிடந்தார்கள். இறங்கிப் போனால் உரிமை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், ஊருக்குப் போக டிக்கெட் இல்லை என்பது இன்னொரு பக்கம். ஜெனரேட்டருக்கு எண்ணெய் தீர்ந்தால் ஏசி, குளிர்ப்பெட்டி, கழிவுப் பம்பு மூன்றும் சேர்ந்து நிற்கும்.

பிரின்சஸ் டாஃப்னே 2014-ல் குஜராத்தின் அலங் கடற்கரையில் ஏற்றப்பட்டு உடைக்கப்பட்டது. எப்பிரோட்டிகியின் உலகத்தைச் சேர்ந்த வேறு பல கப்பல்களும் போய்ச் சேர்ந்த கரை அது. மற்ற நான்கையும் போர்ட்டுஸ்கேல் என்ற போர்ச்சுகீசிய நிறுவனம் வாங்கி மறுபடி ஓட்டப் பார்த்து, இரண்டு மூன்று வருஷத்தில் அதுவும் கை விரித்தது.

அதீனா மட்டும் அசோரஸ், அஸ்டோரியா என்று பெயர் மாறிக்கொண்டே 2020 வரை பயணிகளை ஏற்றியது. 1994-ல் ஜெனோவாவில் ஏறக்குறைய அடிக்கூட்டை மட்டும் விட்டுவிட்டு மேலே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஆகவே இன்ஜின், அறை, சாப்பாட்டுக்கூடம் எதுவும் ஸ்டாக்ஹோம் இல்லை. மோதலில் நசுங்கிய முகப்பைக்கூட 1956-லேயே புரூக்ளினில் வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த 1948-ன் இரும்பு, நடு உடம்பின் அடிப்பலகைகள். ராட்டர்டாமில் ஐந்து வருஷம் சும்மா கிடந்த பிறகு 2025-ல் அதை பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், எடைக்கு.